கேட்டு வாங்கிய குச்சி துளிர்க்காது

எங்கள் அத்தைக்குப் பூச்செடிகள்மேல் பெரிய மதிப்புக் கிடையாது. ஓசூரைச் சுற்றிலும் ரோஜா கூடை கூடையாக விளைந்து பெங்களூருக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது. "ஊரெல்லாம் இருக்கறத நாமளும் எதுக்கு வெக்கணும்?" என்பாள். யார் வீட்டிலும் இல்லாத செடி ஒன்று எங்கள் வீட்டில் இருக்க வேண்டும், அதைப் பார்க்க நாலு பேர் வர வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அந்த ஆசைக்கு நான் செய்த உபகாரத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு நாக்கு நமைக்கிறது.

அவள் என் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனவள், மூன்று வருஷம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் பாம்புக் கற்றாழை வைத்த ஒரு தொட்டியோடும் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று என் காதுபட யாரும் பேசவில்லை. அவளுடைய இடது கை முழங்கையில் முழுதாக நீளாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் போலிருக்கிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் மண் இருந்தது. அப்பா வேலை செய்த கம்பெனியிலிருந்து வந்த காலி கிரீஸ் டின்களை வரிசையாக வைத்து அத்தை அங்கே தன் ராஜ்ஜியத்தை அமைத்தாள். பெயர் தெரியாத செடிகளுக்கு அவளே பெயர் வைத்தாள். சாயங்காலமானால் இலைகளைக் கைகூப்புவதுபோல் மேலே மடக்கிக்கொள்ளும் செடி பக்திக்காரி. மேலே பச்சையும் அடியில் சிவப்புமாக இருந்த பிகோனியா உள்பாவாடை. இலையைக் கிள்ளி மண்ணில் போட்டால் ஓரமெல்லாம் குட்டி போடும் செடி பிள்ளைக்காரி. பலகையில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்த பெரணிக்கு மான்கொம்பு என்று பெயர். கூட வந்த பாம்புக் கற்றாழைக்கு மட்டும் பெயர் எதுவும் வைக்கவில்லை. மார்கழிப் பனியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக ஈரத்துணியால் துடைப்பாள். "எம் பொண்ணு மூக்க ஒருநாள் இப்படித் தொடச்சு விட்டிருப்பியா?" என்று அம்மா கேட்பாள். கேலிதான், ஆனால் கொஞ்சம் நிஜமும் அதில் இருந்தது.

செடி சேர்ப்பதற்கு எங்கள் லைனில் ஒரு முறை இருந்தது. கேட்டு வாங்கிய குச்சி துளிர்க்காது, திருடிக்கொண்டு வந்து நட்டால்தான் துளிர்க்கும் என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற எல்லாப் பெண்களும் ஒருமனதாக நம்பினார்கள். வேறு எதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. ஆனால் திருட்டுக்கும் ஒரு மரியாதை வேண்டுமே. ஆசைப்பட்டவள் வந்து நின்று செடியைப் புகழ ஆரம்பித்ததும், வீட்டுக்காரி ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்விட வேண்டும். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா பால் பொங்குகிறது என்று போவாள். எங்கள் அத்தை, "உலை கொதிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்பாள். முதுகைக் காட்டிப் போனவள் சீக்கிரம் திரும்பக் கூடாது. வந்தவள் கிள்ளி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொல்லாமல் போய்விடுவாள். மறுநாள் குழாயடியில் இருவரும் ஒன்றுமே நடக்காததுபோல் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டுக்காகக் கிள்ளும் வேலை என்னுடையது. எனக்குக் கைராசி உண்டென்று அத்தை கண்டுபிடித்திருந்தாள். நாலாம் வகுப்பில் கணக்குக்கு முட்டை வாங்கிக்கொண்டிருந்த எனக்கு இந்த உலகத்தில் கிடைத்த ஒரே பட்டம் அது.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்பாவின் கம்பெனி மேனேஜர் குடியிருந்தார். பெரிய வீடு. வராந்தாப் படியின் இரண்டு பக்கமும் சிமெண்டுத் தொட்டிகளில் ஒரு செடி நின்றது. தடித்த தண்டு, முழ நீள இலை, பச்சை மேல் யாரோ கஞ்சியைத் தெளித்ததுபோல் வெள்ளைத் திட்டுகள். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வரும்போதெல்லாம் அந்தக் கேட் முன்னால் அத்தையின் நடை தானாகத் தளரும். ஒருநாள் நான், "எடுத்துட்டு வரட்டுமா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிராத கண்ணு. உங்கப்பாவ இன்னும் பர்மனென்ட் பண்ணல. நம்மளால அவருக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது. நான் வந்து ஒக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கறதே பெருசு."

பர்மனென்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் சாமி பேர்போலப் புழங்கியது. அப்பா நாலு வருஷமாக டெம்பரவரி. எனக்குக் கம்மல், அம்மாவுக்கு மிக்சி, பழனிக்கு மொட்டை எல்லாமே பர்மனென்ட் ஆனதும்தான். ஆகாவிட்டால் என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றாவது வீட்டு மாமாவை ஒருநாள் காலையில் கம்பெனி கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் அந்தக் குடும்பம் சட்டி பானையோடு அஞ்செட்டிக்கே பஸ் ஏறிவிட்டது. என்னோடு பாண்டி ஆடிய பெண்ணும் போய்விட்டாள். அவள் கோடு போட்ட கட்டங்கள் மட்டும் மழை வரும்வரை வாசலில் இருந்தன.

அத்தை சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர்கூட விடாமல் துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. அவளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். தனியாகத் திரும்பி வந்தேன். மேனேஜர் வீட்டுக் கேட் திறந்திருந்தது, வராந்தாவில் யாரும் இல்லை. உள்ளே போய்ப் படியருகே குந்தி உட்கார்ந்து, பக்கவாட்டில் கிளைத்திருந்த சின்னத் தண்டு ஒன்றை இரண்டு கையாலும் முறுக்கினேன். மளுக்கென்று கையோடு வந்துவிட்டது. நிமிர்ந்தேன். வாசலில் மேனேஜர் வீட்டம்மா தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றிக்கொண்டு நின்றார்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த தண்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகத் திரும்பி உள்ளே போனார். அவர் போன வழியில், கூடத்து மேசைமேல் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்ததை நான் பார்த்தேன். போன் கம்பெனிக்குப் போகும், அப்பாவைக் கேட்டில் நிறுத்துவார்கள், நாங்களும் சட்டி பானையோடு பஸ் ஏறுவோம் என்று எல்லாம் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட் வழியாக ஓடலாமென்றால் எதிரே அந்த வீட்டு வாட்ச்மேன் டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பக்கத்துச் சுவரைப் பார்த்து ஓடினேன். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். தண்டைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். நன்றாகவே கடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் குதித்து விழுந்தபோதும் அது வாயிலேயே இருந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. தைலமரத் தோப்பைத் தாண்டுவதற்குள் நாக்கில் ஊசி குத்தத் தொடங்கியது. வேகாத சேனைக்கிழங்கைக் கடித்தவர்களுக்கு அந்த அவஸ்தையின் ஆரம்பம் மட்டும் தெரியும். இன்று ஓசூர் நர்சரிகளில் அந்தச் செடியை டிஃபன்பேக்கியா என்று சொல்லி விற்கிறார்கள். பிள்ளைகள் கடித்துவிட்டால் பேச்சு வராது, ஜாக்கிரதை என்று விற்பவரே எச்சரிக்கிறார். அன்று எனக்கு யார் சொல்வது? நாக்கு தடித்துத் தடித்து வாய்க்குள் இடம் போதாமல் வளர்ந்தது. நடந்துகொண்டே "அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்க முடியவில்லை. திருடிய வாயைச் சாமி அடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது.

திருட்டுப் பொருளை வைத்துக்கொள்ளப் பயம், எறிந்துவிட மனசில்லை. வீட்டுக்குப் பின்பக்கமாக வந்து, பாம்புக் கற்றாழைக்குப் பின்னாலிருந்த காலி டின்னின் மண்ணில் அதைச் செருகினேன். பிறகுதான் அம்மாவிடம் போய் வாயைத் திறந்து காட்டினேன்.

அம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. சத்தம் கேட்டுக் கன்னடக்கார அக்கா ஓடிவந்து, "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடினாள். அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு வாயில் மோரை ஊற்றினாள். மோர் ஓரமாக வழிந்தது. என் கண் வாசலிலேயே இருந்தது. போலீஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது அப்பா. ஷிப்டு முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாதி நாளில் அப்பா வீடு திரும்பி நான் பார்த்ததே இல்லை. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். கன்னடக்கார அக்காவின் மகன் கம்பெனிக்குப் போய்க் கூட்டி வந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சத்தமே வராத அழுகை ஒன்று எனக்குள்ளிருந்து வந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வேலை போன பிறகும் என்னைத் திட்டவில்லையே என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். ஊசி போட்டார். "வீட்ல செடி வெச்சிருக்கீங்களா?" என்றார். அம்மா பிகோனியா, மான்கொம்பு என்று வரிசையாகச் சொன்னாள். "அதுல ஏதோ ஒண்ண மென்னிருக்கு. வீக்கம் நாளைக்குள்ள வடிஞ்சுரும். தொண்டை வரைக்கும் வீங்கியிருந்தா மூச்சே நின்னுருக்கும். பிள்ளைங்க இருக்கற வீட்ல கண்டதையும் எதுக்குங்க வெக்கறீங்க?" அப்பா தலையை ஆட்டினார். அத்தை கதவோரமாக நின்றிருந்தாள்.

நாக்கைத் திருப்பிக் கொடுத்தால் எல்லா உண்மையையும் சொல்லிவிடுகிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீக்கம் வடிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய இட்லி இரண்டை விழுங்கினேன். பின்பக்கம் போய்த் துவைக்கும் கல்லிடம் மெதுவாக "அத்தை" என்று சொன்னேன். குரல் கரகரத்தாலும் சொல் முழுசாக வந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்பா கடப்பாரையோடும் ஒரு கோணிச் சாக்கோடும் வந்தார்.

"எதக் கடிச்ச கண்ணு? பேச வேணாம், கையக் காட்டு, போதும்."

நான் தலையை ஆட்டினேன். எந்தச் செடியைக் காட்டுவது? அங்கே இருந்த எதுவும் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அப்பா, தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தையைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா. இதுல எது விஷம்?"

அத்தையின் பார்வை டின் டின்னாகப் போனது. பாம்புக் கற்றாழைக்குப் பின்னால் போனதும் நின்றது. கஞ்சி தெளித்ததுபோல் ஓர் இலை அங்கே தலை தொங்கி நின்றுகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் வாய் திறந்தது. உண்மையைச் சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்பா போட்டிருந்த கம்பெனிக் காக்கிக் கால்சட்டை கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"உலை கொதிக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அத்தை திரும்பி உள்ளே போனாள்.

அவள் சீக்கிரம் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம், "எதுன்னு தெரியலன்னா எல்லாமே போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தார். பக்திக்காரி போனாள், உள்பாவாடை போனாள், பிள்ளைக்காரி தன் குட்டிகளோடு போனாள். மான்கொம்பைப் பலகையோடு பிடுங்கினார். பாம்புக் கற்றாழை லேசில் வரவில்லை, கடப்பாரையால் தொட்டியை உடைத்துத்தான் எடுத்தார். கோபமாகச் செய்யவில்லை. என் மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்ன பயம் அவர் கையிலிருந்தது. நான் திருடிய தண்டும் எல்லாவற்றோடும் சேர்ந்து சாக்குக்குள் போனது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. ஏரிக்கரைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். நான் கல்மேல் உட்கார்ந்து, பேச்சு வந்த வாயை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் மூன்று நாள் ஊமையாகவே இருந்தேன். பேசினால் கேள்வி வரும். நாலாம் நாள் எனக்குப் "பேச்சு வந்ததும்" அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். பயம் மட்டும் போகவில்லை. தினம் சாயங்காலம் அப்பாவின் சைக்கிள் மணி கேட்கும்வரை வாசலை விட்டு நகர மாட்டேன். அதைவிடப் பெரிய பயம் அத்தைதான். அவள் பார்த்துவிட்டாள், என்றைக்காவது சொல்லிவிடுவாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. துடைக்க இலையில்லாமல் ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சித்திரை மாதம் அந்தக் கடிதத்தை எழுதிய மாமா, அத்தையின் புருஷன், நேரில் வந்தார். வெற்றிலை பாக்கு வாங்கி வந்திருந்தார், மெதுவாகப் பேசினார். அத்தை டிரங்குப் பெட்டியோடு கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் என் பக்கம் குனிந்து, "நாக்கு நல்லாயிருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். "ம்" என்றேன். பஸ் நகர்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். என் திருட்டைத் தெரிந்த ஒரே ஆள் ஊரைவிட்டுப் போகிறாள் என்று நிம்மதியாகக் கையை ஆட்டினேன்.

ஆடி முடிந்து அப்பா பர்மனென்ட் ஆனார். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்குப் போனோம். சந்தனம் பூசிய மிஷின்களுக்கு நடுவில் எல்லோருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது மேனேஜர் வீட்டம்மா. வரிசையை விட்டு ஓடலாம் என்று நினைப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, அந்தக் குச்சி துளுத்துச்சா?"

எனக்கு நாக்கு மறுபடியும் தடித்தது.

"நீ எடுத்துக்கட்டும்னுதான நான் உள்ள போனேன்? வந்து பாத்தா செவுரு ஏறிக் குதிச்சிருக்கற. கேட் தொறந்துதான இருந்துச்சு." அவர் சிரித்தார். தொரப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பதும், எங்கள் லைனின் முறையெல்லாம் அவருக்கும் தெரியும் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தது. டெலிபோனைத் தொடுவதற்காக அவர் உள்ளே போகவே இல்லை.

"துளுத்துருச்சு" என்றேன். "எங்கத்தை வெச்சிருக்காங்க."

"பாத்து வெச்சுக்கச் சொல்லு. அத வாயில மட்டும் வெக்கக் கூடாது."

அந்தத் தீபாவளிக்கு அத்தை வந்தாள். ஜாக்கெட் கை மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. கிருஷ்ணகிரியில் அதுதான் புது ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பின்பக்கம் வெறும் டின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அத்தை அவற்றைப் பார்க்காதவள்போல் கல்மேல் உட்கார்ந்தாள். அவள் காதருகே போய், மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அந்தச் செடியை நான்தான் எடுத்தேன், ஆனால் அது திருட்டே இல்லை, அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றேதான் திரும்பிக்கொண்டு உள்ளே போனார்களாம் என்றேன்.

அத்தை என் கன்னத்தைத் தடவினாள். "அப்படித்தான கண்ணு போகணும்" என்றாள்.

நான் மேனேஜர் வீட்டம்மாவைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மத்தாப்பு கொளுத்த வாசலுக்கு ஓடினேன். அப்பா கடப்பாரையோடு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது எனக்கு அப்போதும் ஞாபகம் வரவில்லை.